உப்புக் காற்றுக்கு அடைத்த துளை

கனடாவிலிருந்து தன் மகன் அனுப்பிய டிஜிட்டல் பியானோவில் சத்தமே வரவில்லை என்று மச்சாள் என்னைக் கூப்பிட்டாள். கோயில் பாடகர் குழுவில், துருத்தி கிழிந்து காற்று ஒழுகுகிற பழைய ஹார்மோனியம் வாசிக்கிறவள் நான். மச்சாளுக்கு ஒரு சுரம்கூடத் தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது.

பியானோவில் லைட் எரிந்தது, ஆனால் சத்தமில்லை. ஹெட்போன் துளைக்குள் வயர் அறுந்த பிளக் ஒன்று செருகியிருந்தது.

"கடல் உப்புக் காத்து உள்ளுக்குப் போகாமல் நான்தான் அடைச்சனான்," என்றுவிட்டு மச்சாள் தேத்தண்ணி போடப் போனாள்.

ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்துத்தான் பியானோ வாய் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, சத்தத்தைக் குறைத்து, ஒரு கட்டையை அமுக்கினேன். அப்படியொரு நாதம் என் விரலுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

காலடி கேட்டது. பிளக்கைத் திரும்பச் செருகினேன்.

"உப்புக் காத்துத்தான் மச்சாள். இன்னும் இறுக்கி அடைச்சு வையுங்கோ," என்றேன்.