அண்ணன் வராத பியர் விருந்து

இத்தாலியின் பலெர்மோவில் ஒக்டோபர் மாதத்தில் ஒரு இலையும் விழாது. ஆபிரிக்காப் பக்கமிருந்து சூட்டுக் காற்று வரும். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். அந்தப் புழுக்கத்துக்குள்தான் வருடாவருடம் எங்கள் வீட்டில் ஜெர்மன் இலையுதிர்கால விருந்து நடக்கும். என் அண்ணனின் கூத்து அது. ஜெர்மனியில் பேக்கரி வேலை பார்த்துப் பார்த்து அந்த ஊர்க்காரராகவே மாறிவிட்ட மனுஷன். லீவில் வரும்போது பெட்டி நிறையச் சொசேஜ், கடுகுச் சாந்து, கைபிடி வைத்த பெரிய கண்ணாடிக் குவளைகள். குவளைகளை இங்கேயே விட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அவற்றில் என் மனைவி செத்தல் மிளகாயும் மல்லியும் போட்டு வைப்பாள்.

விருந்து எப்போதும் வியாழன் பின்னேரம்தான். லிபெர்த்தாத் தெருப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வேலை செய்கிற எங்களுக்கு அன்றுதான் அரைநாள் ஓய்வு, அதுவும் எசமானி சிஞ்ஞோராவுக்கு மனம் வந்தால். விருந்தில் அண்ணனுக்கு ஒரு சட்டம் இருந்தது. வெளிக்கிடுகிறவர்கள் வாசலில் நின்று "அவுஃப் வீடர்சேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குக் கதவு திறக்க மாட்டார்.

"திரும்பக் காணுவம் எண்டு அர்த்தம். எங்கடை 'போட்டு வாறன்' தான் அது. அவங்கள் கொஞ்சம் நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுவாங்கள், அவ்வளவுதான்" என்பார்.

போன வருடம் அவருக்கு இருதயத்தில் அடைப்பு. ஜெர்மனியில் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள், விருந்து வைக்கும் அதே வியாழக்கிழமை. நான் போயிருக்க வேண்டும். ஆனால் என் வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. கையில் இருந்தது வெறும் ரசீது, அதைக் காட்டி எல்லை கடக்க முடியாது. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். தமிழில் திட்டியதால் யாருக்கும் கோபம் வரவில்லை.

விருந்தை விட்டுவிடுவோம் என்று போனில் சொன்னபோது அண்ணன் பாய்ந்தார். "விசர்க்கதை கதைக்காதை. நான் மயங்கிக் கிடக்கிற நேரம் என்ரை பங்கையும் நீங்கள் குடியுங்கோ. முழிச்ச உடனை வீடியோவிலை பாப்பன்."

அதனால் வைத்தோம். கபோ சந்தையில் முட்டைக்கோவாவும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். புளிக்க வைத்த கோவாவை மனைவி வழக்கம்போலக் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்தாள். பின்னல் ரொட்டிக்குச் சொல்லி வைத்த பேக்கரிக்காரன், இந்த ஊர்ப் பழக்கத்தில், அதன்மேல் எள்ளைக் கொட்டியிருந்தான். மகள் மஞ்சள் கடுதாசியில் இலைகள் வெட்டித் தரையில் போட்டாள். மத்தியானம் நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். "சரியடா தம்பி, உள்ளுக்குக் கொண்டுபோகப் போறாங்கள். போட்டு வாறன்." ஓம் அண்ணை என்றேன். கிழங்குக் கையோடு போனை வைத்தேன்.

வந்தவர்கள் அதிகம் இல்லை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்துக் குசினியில் வேலை செய்யும் என் நண்பனும் அவன் மனைவியும், அடுத்த தெருவில் இருக்கும் வன்னிக் குடும்பம், கீழ்மாடி இத்தாலியச் சிஞ்ஞோரா. நான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேனே தவிர, மனம் முழுக்கப் பயம்தான். ஒப்பரேஷன் முடிய இருட்டிவிடும் என்று அண்ணி சொல்லியிருந்தா.

முதல் சுற்றுப் பியர் முடிகிற நேரம் மனைவியின் போன் அடித்தது. அறைக்குள் போனவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஆர்?"

"வேலை வீட்டுச் சிஞ்ஞோரா. நாளைக்கு வெள்ளன வரட்டாம்."

என் தட்டில் இன்னொரு சொசேஜை வைத்தாள். "முதல் சாப்பிடுங்கோ. காலமையிலை இருந்து வெறும் வயித்தோடை நிக்கிறியள்." பிறகு நண்பனின் மனைவியைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

யாரோ பாட்டைக் குறைத்தார்கள். குடிப்பதில் எல்லாரையும் முந்துகிற நண்பன் நுரையோடு குவளையைக் கீழே வைத்தான். எனக்கு எரிச்சல் வந்தது. "என்னடா, அண்ணை வந்து ஊத்தினாத்தான் உனக்கு இறங்குமோ?"

"வயிறு சரியில்லை மச்சான்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் வன்னிக் குடும்பம் எழுந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் படியிறங்கினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத சனம் என்று மனதுக்குள் கறுவினேன். எங்கள் பேச்சு எதுவும் விளங்காத கீழ்மாடிச் சிஞ்ஞோரா மட்டும் மனைவியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "அரிவெதெர்ச்சி" என்று இத்தாலியத்தில் போட்டு வாறன் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனா.

கடைசியாக நண்பன். கதிரையிலிருந்து எழும்பும்போது ஒருமுறை, வாசலில் ஒருமுறை, கீழே தெருவிலிருந்து ஒருமுறை என்று போட்டு வாறன் சொல்லாமல் போகத் தெரியாதவன். என் தோளில் கையை வைத்தான். எடுத்தான். மனைவியோடு இறங்கினான்.

"டேய், அண்ணையின்ரை சட்டம் மறந்து போச்சோ? சொல்லிப்போட்டுப் போ."

படி திரும்பும் இடத்தில் நின்று மேலே பார்த்தான். அவன் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் ஆட்கள் ஒரேயொரு வீட்டிலிருந்துதான் சொல்லாமல் வெளிக்கிடுவார்கள். செத்த வீட்டிலிருந்து. அங்கே திரும்பி வருகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. செய்தியை என்னிடம் மறைக்க அவர்களால் முடிந்தது. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

திரும்பினேன். மனைவி கடுதாசி இலைகளுக்கு நடுவில் நின்றாள்.

"அண்ணிதான் எடுத்தவா. சாப்பிட்டு முடியட்டும் எண்டு இருந்தனான். தெரிஞ்சா நீங்கள் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டியள்" என்றாள்.

உன்னை யார் கேட்டது என்று கத்தினேன். அண்ணன் போன பிறகு அவருடைய விருந்தைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறேன். என் வயிற்றின் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் அழுதாள்.

மத்தியானம் கிழங்குக் கையோடு கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்களில் அன்றைக்குப் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அண்ணன் ஒருவர்தான்.