வேலை இருக்கிற மரங்கள்

டெய்லர் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வாங்க சிஸ்டர்" என்றார். கை மட்டும் நிற்கவில்லை. கட்டடத்தில் அவருக்கு 'வேலையிருக்கு' என்றே பெயர். எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் அதுதான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே சொல்லிப் பாதியில் எழுந்து வந்தாராம். இன்றுவரை தனிக்கட்டை.

நான் வீடு வீடாகப் போகிற நர்ஸ். அங்கே போவது அவருடைய அக்காவைக் கவனிக்க. பக்கவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கர நாற்காலியில் உட்காருவார். ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து இறங்க லிஃப்ட் வேண்டும். அது நின்று பதினோரு மாதம். குடியிருப்போர் சங்கத் தலைவர் தரைத்தளத்துக்காரர். "படி ஏறினா உடம்புக்கு நல்லது" என்பது அவர் கொள்கை. மறுநாள் காலை பத்து மணிக்குள் வேறு யாரும் பெயர் கொடுக்காவிட்டால், இன்னும் இரண்டு வருஷம் அவரேதான். டெய்லரை நிற்கச் சொல்லி நாலு வீட்டார் கேட்டுப் பார்த்தார்கள். பதில் உங்களுக்கே தெரியும்.

மாலையில் அக்கா பைபிளைத் திறந்து வேதம் வாசிப்பார், தம்பி தைத்துக்கொண்டே கேட்பார். நான் அக்காவின் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். அன்று வந்தது, மரங்கள் ராஜா தேடிப் போன கதை. ஒலிவ மரம் எண்ணெய் வேலை இருக்கிறது என்றது. அத்தி பழத்தைக் காட்டியது, திராட்சை ரசத்தைக் காட்டியது. கடைசியில் முட்செடியைக் கேட்டார்கள். அது உடனே தலையாட்டியது. என் நிழலில் ஒதுங்குங்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுவேன் என்றது.

"கேட்டியாக்கா?" டெய்லருக்கு முகமெல்லாம் பல். "நல்ல மரம் ஒண்ணுகூட பதவிக்குப் போகல. வேதமே என் பக்கம்தான்."

"அப்புறம் யாருடா ராஜா?"

"முள்ளு."

"அது எப்படி ஆச்சு?"

டெய்லர் ஊசியில் நூல் கோர்த்தார். ரொம்ப நேரம் கோர்த்தார்.

"மத்ததுங்களுக்கு வேலை இருந்துச்சு, பாவம்," என்றார் அக்கா.

"அதிகாரத்துல இருக்கிறவங்களுக்குக் கீழ்ப்படியணும்னும் அதுல எழுதியிருக்குக்கா."

"அவங்களுக்காக ஜெபம் பண்ணணும்னும்தான் எழுதியிருக்கு. பதினோரு மாசமா பண்றேன். தலைவர் நல்லாத்தான் இருக்கார். நான்தான் தெருவைப் பார்க்கல."

டெய்லர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர்."

"நாற்காலியோட இவங்களை இறக்க நாலு ஆள் வேணும். ஒலிவ மரம், அத்தி, திராட்சை மூணும் வந்தாக்கூட ஒரு ஆள் குறையுது."

அக்கா சிரித்ததில் கால் என் கையிலிருந்து நழுவியது. டெய்லரின் கை நின்றுவிட்டது. எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகியிருந்தது, கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நான் படியேறப் போகும்போது, கழுத்தில் டேப்போடு அவர் கீழே நின்றிருந்தார். பெயர்ப் பட்டியலை நீட்டிய தலைவர், "உங்களுக்கு வேலை இருக்குமே?" என்றார்.

"இருக்கு. அதான் சீக்கிரமா வந்தேன்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதிக் காஜாவை முடிக்க மாடி ஏறினார்.