சிவலீலா விட்ட ஒரு சொல்

சிவலீலா ஹாவேரிப் பக்கத்துப் பெண். பெங்களூரில் எங்கள் சின்ன கம்பெனியில் ஆறு வருஷம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதினாள். நான் அங்கே காபி போடுகிறவள். அவள் கொண்டுவரும் சோள ரொட்டியில் பாதி எனக்குத்தான். தன் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதும் அவள்தான்.

ஓர் ஆஸ்பத்திரிக்காக ஒரு புரோகிராம் எழுதினாள். ஆம்புலன்ஸிலிருந்து நோயாளியின் பெயரைப் போட்டால் முதலில் அதைப் பதிய வேண்டும். பிறகு, தீவிர சிகிச்சையில் படுக்கை இருக்கிறதா என்று ஆஸ்பத்திரிக் கணினியைக் கேட்க வேண்டும். இருந்தால் "வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். பதிவது உடனே முடிந்துவிடும். கேட்டதற்குப் பதில் வர இரண்டு மூன்று விநாடி ஆகும். "காத்திரு" என்று அங்கே ஒரு சொல் எழுதினால்தான் புரோகிராம் நிற்கும். இல்லாவிட்டால், "பதில் பிறகு வரும்" என்ற வெறும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடும். சீட்டு இருக்கிறதே, அதையே "படுக்கை இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும்.

அந்த ஒரு சொல்லைச் சிவலீலா விட்டுவிட்டாள். சோதித்த நாளெல்லாம் படுக்கை காலியாகவே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

டெங்கு காய்ச்சல் பரவிய மாதம். மாகடியிலிருந்து காளேகவுடர் என்ற விவசாயியை ஏற்றிவந்த வண்டிக்கு "வாருங்கள்" என்று வந்தது. போனால் ஒரு படுக்கைகூட இல்லை. வேறிடம் தேடிப் போகிற வழியில் அவர் உயிர் பிரிந்தது. சொந்தக்காரர்கள் டிரைவரை அடித்துவிட்டார்கள்.

மறுநாள் அந்த வரியைச் சிவலீலா கண்டுபிடித்தாள். மேனேஜர் வாதிராஜிடம் காட்டியதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நெட்வொர்க் சரியில்லைன்னு எழுதிடும்மா. யாரு வந்து பாக்கப்போறா?"

"நான் பாத்துட்டேனே, சார்."

"வந்துட்டா அரிச்சந்திரன் தங்கச்சி! வேலை போயிடும், தெரியுமில்ல?"

"அந்த டிரைவர் என்ன சார் பண்ணினான், அடி வாங்க?"

தப்பு தன்னுடையது என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். விட்ட சொல்லைச் சேர்த்தாள். சாயங்காலமே அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

"அந்த வீட்டுக்குப் போகணும் அக்கா. தனியா போக பயமா இருக்கு," என்றாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாகடிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் மஞ்சுநாதரைக் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

காளேகவுடரின் மனைவி சித்தம்மா முற்றத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். சிவலீலா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முறத்தில் கை நின்றது.

"ஒரு சொல்லா?"

"ஒரு சொல்தாம்மா."

சித்தம்மா ராகியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"வண்டியில அவரு கேட்டுக்கிட்டே வந்தாரு, 'படுக்கை இருக்குன்னுட்டாங்களா'ன்னு. டிரைவர் போன்ல வந்ததைப் பாத்து நான்தான் 'இருக்கு, இருக்கு'ன்னேன். அதுக்கப்புறம்தான் நிம்மதியா கண்ணை மூடிக்கிட்டாரு." முறத்தைக் கீழே வைத்தாள். "டிரைவர் வீடு மேலத் தெருவுல. அவன்கிட்டயும் போய்ச் சொல்லிடு. இங்க மறுபடி வராதே, தாயி."

நாங்கள் மேலத் தெருவுக்கு நடந்தோம்.