நித்யகல்யாணிக் கஷாயம்

அக்காவின் கழுத்துக் கட்டியை டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்வார். எங்களுக்கு அது முதலில் எலுமிச்சம்பழம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு கொட்டைப்பாக்கு. நான்காவது ஊசி போட்டுக்கொண்டு புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் என் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினாள்.

"புளியங்கொட்டை ஆயிடுச்சு பாரு. தேடிக்கினு இருக்க வேண்டியதா பூட்ச்சு."

எண்பதுகளின் கடைசி அது. நான் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தியாகதுருகத்தில் பஸ் ஏறி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. அவள் வீட்டுக்காரர், என் மாமா, கரும்புத் தோட்டத்தை விட்டு நகர முடியாதவர். அங்கே எந்தச் சீட்டை எந்த ஜன்னலில் நீட்டுவது என்பதும் எனக்குத்தான் தெரியும்.

எதையாவது படித்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் எனக்கு. அக்காவின் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்றை நித்யகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிறார்கள் என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமையே, ஏரிக்கரைச் சுடுகாட்டோரம் மண்டிக் கிடந்ததில் ஒரு செடியைப் பூவோடு பிடுங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"இதாடா அந்த ஊசி?"

"இதேதான்க்கா."

"சுடுகாட்டு மல்லியா? போறப்ப வழியில இருக்கறத இப்பவே ஏத்திக்கினு இருக்காங்களா எனக்கு?" என்று சிரித்தாள்.

வண்டி வண்டியாக இலையைப் போட்டுப் பிரித்தாலும் ஒரு சிட்டிகைதான் தேறும் என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. சொன்னால் கதை சப்பென்று போய்விடும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஐந்தாவது ஊசிக்கு நான்கு நாள் இருக்கும்போது, எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் தொடங்கியது. நானும் போனேன். சேலம் ரோட்டில் ஒரு பெரிய புளியமரத்தை ஏழு பேர் மாற்றி மாற்றி வெட்டிக் குறுக்கே சாய்த்தோம். ஊசித் தேதி எனக்கு நினைவில்தான் இருந்தது. சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பிறகு போலீஸ் வீடு வீடாகப் பையன்களைத் தேட ஆரம்பித்ததும், தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துக் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டேன். ஆறு வாரம் சாமைக் கொல்லையில் காவல் இருந்தேன். மறியல் முடிந்ததும் மாமா அக்காவை அழைத்துப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இறங்கி வந்தபோது அக்கா வாசலில் முறத்தில் எதையோ காயவைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி முந்தானை.

"வாங்க தலைவரே. உன்ன கேட்டுக்கினு போலீசு ரெண்டு வாட்டி வந்துச்சு. மெட்ராசுக்கு வேலைக்குப் போயிட்டான்னு சொல்லிட்டேன்."

"ஊசி போட்டியாக்கா?"

"எதுக்கு? உங்க மாமா கூப்புட்டாரு. ரெண்டு பேரும் போயி எந்த ஜன்னல்னு முழிச்சிக்கினு நிக்கவா? அதான் நீயே சொன்னியே, இன்னா மருந்துன்னு." முறத்தைக் காட்டினாள். நித்யகல்யாணி, இலையும் வேருமாக. "காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். ஒரு வேள உடல. ஊசி போட்டா எப்பிடி வாந்தி வருமோ, அதே வாந்திடா."

அந்த வாந்திதான் அவளை நம்பவைத்திருந்தது.

முந்தானையை விலக்கினேன். எலுமிச்சம்பழம். அதை ஒட்டிக் கீழே புதிதாக இன்னொன்று.

அதே ஊசியை மறுபடி தொடங்கினார்கள். இரண்டு முறை போட்டும் கட்டி ஒரு நூல்கூடக் குறையவில்லை. டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "நோய் இந்த மருந்துக்குப் பழகிடுச்சுப்பா. இனிமே மசியாது. வேற போட்டுப் பாப்போம். ஆனா மொதல்ல கேட்ட மாதிரி கேக்காது."

கஷாயத்தைப் பற்றி, மரத்தைப் பற்றி, மலையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் விட்டதாலா, இலையைக் குடித்ததாலா என்று கேட்டேன்.

"அந்தக் கஷாயம் ஊசிக்கு ஈடாகாது. ஆனா ஒரு ஊசிகூட விடாதவங்களுக்கும் இப்படித் திரும்பி வருது. விட்டதாலயும் இருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இல்லை, உன்னால் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்று கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருப்பேன்.

ஒதுக்கீடு பிறகு வந்தது. அதில்தான் எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அக்கா அதைப் பார்க்க இல்லை.

டாக்டர் வராந்தாவில் பேசிய அன்று, திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தியாகதுருகத்துக்கு முன்னால், நாங்கள் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை கடந்து போனது. அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

"இன்னாடா சொன்னாரு?"

"மருந்த மாத்தறாங்களாம்க்கா."

முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"புது மருந்து எந்தச் செடியில எடுக்கறாங்க? நம்ம ஏரிக்கரையில இருக்குமா?"

அதன் பெயரை நான் மருந்துச் சீட்டில் பார்த்திருந்தேன். அது எதிலிருந்து வருகிறது என்பதும் படித்திருந்தேன்.

"தெரியலக்கா" என்றேன்.