செல்லக்கிளி வளர்த்த காது

ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு பெண் சுனையில் முங்கினாள். எழுந்தபோது மீசை இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் கிளம்பிய வதந்தி இது. நாங்குநேரி வந்து சேர்வதற்குள் மீசைக்கு முறுக்கு ஏறிவிட்டது. பாளையங்கோட்டையில் தாடியும் சேர்ந்துகொண்டது. வரிசையாகப் பெண் பெற்ற வீட்டார் சிலர், சுனைத் தண்ணீர் மொண்டுவரக் குடங்களோடு வண்டி கட்டினார்கள்.

போய் விசாரித்தால், அந்த ஊரில் சுனையே கிடையாது. கிணறு ஒன்று உண்டு. சித்திரையில் அதில் தண்ணீர் கிடையாது. மீசை மட்டும் மெய். அதுவும் அரும்பு மீசை. அதைச் சுமந்த பிள்ளைக்குப் பதினாறு வயது, பெயர் சுடலைவடிவு. பனையேறி முத்துமாலைக்கும் செல்லக்கிளிக்கும் ஒரே மகள்.

வடிவு பிறந்தபோது மருத்துவச்சி விளக்கைத் தூக்கிப் பார்த்து, "பொட்டப்புள்ள" என்றாள். ஊரும் நம்பியது, செல்லக்கிளியும் நம்பினாள். பிள்ளைக்குக் காது குத்தி, துளையில் ஓலைச் சுருள் செருகி, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி, எடையைப் பையப் பையக் கூட்டித் தோளைத் தொடும்வரை காதை வளர்த்தாள். புண்ணாகிப் பிள்ளை அழுத நாட்களில் மடியில் கிடத்தி ஊதிக்கொண்டே இருந்தாள். அந்தக் காதுகளில் தங்கப் பாம்படம் ஆடப்போகும் நாள்தான் அவளுக்கு எல்லாம்.

ஒத்த வயதுப் பெண்களெல்லாம் வயசுக்கு வந்து, சடங்காகி, ஓலைக் குச்சுக்குள் உட்கார்ந்தார்கள். வடிவு உட்காரவில்லை. குரல் உடைந்தது, தோள் அகன்றது, உடம்பு ஆணுடம்பாகிக்கொண்டு வந்தது.

ஊர் கூடியது. வடிவை ஆண் என்று முதலில் ஒப்புக்கொண்டவர்கள் கோயில் வரி பிரிப்பவர்கள்தாம்; வரும் கோயில் கொடைக்கு வரி கட்டும் ஆண் தலை ஒன்று கூடுகிறதே. சுடலைக்கண்ணு என்று பெயரையும் அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். முந்தின நாள்வரை "ஏட்டி" என்று கூப்பிட்ட முத்துமாலை மறுநாள் "ஏலே" என்றார். ஒருமுறைகூட வாய் தவறவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து செல்லக்கிளியைக் கொண்டாடினார்கள்.

"ஒனக்கென்னக்கா, சீர் செய்யுத செலவு மிச்சம். கொள்ளி வைக்கவும் ஆளாச்சு!"

இழவு வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பதுபோல் அவளுக்கு இருந்தது. மகள் போய்விட்டாள், ஒப்பாரி வைக்க வழியில்லை. ஆண்பிள்ளை கிடைத்ததற்கா அழுகிறாய் என்பார்கள்.

பிள்ளைக்கும் ஒதுங்க இடமில்லை. நேற்றுவரை பேன் பார்த்துவிட்ட தோழிகள் கதவைச் சாத்தினார்கள். ஆண்கள் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், "யாருலே அது? பாம்படம் எங்கலே?" என்று காதைப் பிடித்து இழுத்தார்கள். உடம்பு தானாக மாறிக்கொண்டது. அம்மா கையால் வளர்த்த காது மாறவில்லை.

"யம்மா, காதை அறுத்துத் தைச்சிருவோம். பொறவு கொழும்புத் தோட்டத்துக்குப் போயிருதேன். அங்கன யாருக்கும் என்னைத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றாள் செல்லக்கிளி. ஆனாலும் அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் மருந்துச்சாலை. அங்கே காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்த நேசையா, வளர்த்த காதை அறுத்துத் தைப்பதில் கைதேர்ந்தவர். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பெண்கள் அவரிடம் வந்துதான் காதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆண் காது அவருக்கு அதுவே முதல். துரை டாக்டர் பிள்ளையைச் சோதித்து இங்கிலீஷில் சொன்னதை நேசையா தமிழில் சொன்னார்.

"மாறலைம்மா. கருவிலேயே பையன்தான். சில பிள்ளைகளுக்கு ஆணுக்கு உண்டானது உள்ள ஒடுங்கிக் கெடக்கும். பாத்தா பொண்ணு மாதிரியே தெரியும். வயசுக்கு வரும்போது உடம்பு முழிச்சுக்கிடும். மருத்துவச்சி மேலயும் தப்பில்ல, ஒம் மேலயும் தப்பில்ல."

"அப்பம் நான் வளத்தது யாரை, ஐயா?"

நேசையா அதை இங்கிலீஷில் சொல்ல டாக்டர் பக்கம் திரும்பினார். பிள்ளைதான் சொன்னான்:

"என்னைத்தாம்மா வளத்த. நான் எப்பவும் நானாத்தான் இருந்தேன். சடங்கு, பாம்படம்னு நீ சொல்லும்போதெல்லாம் வேற யாருக்கோ சொல்லுத மாதிரி இருக்கும். ஒம் மொகத்துச் சிரிப்பப் பாத்துட்டுச் சும்மா இருந்திருவேன்."

மீசையைத் தாங்கிக்கொண்டவள் இந்தப் பேச்சில் உடைந்து போனாள். அத்தனை வருஷம் தனக்காகத்தான் அந்தக் குணுக்கைச் சுமந்தானா?

அறுக்கும்போது பிள்ளையின் தலையை அவளே பிடித்துக்கொண்டாள். கத்தி பட்டதும், பிள்ளை முனகுவதற்கு முன்னால் இவள் குனிந்து காதை ஊதினாள்.

"ஊதாதம்மா, எச்சி படும்" என்றார் நேசையா.

அறுந்த சதையைக் கேட்டு வாங்கித் துணியில் முடிந்துகொண்டாள். ஆற்றங்கரை மணலில் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாள். அங்கே உட்கார்ந்து, "எம் வடிவு, எம் வடிவு" என்று வாய்விட்டு அழுதாள். கட்டுப் போட்ட தலையோடு பிள்ளை பக்கத்தில் நின்றான். தேற்றுவதற்குத் தனக்குப் பாத்தியதை உண்டா என்று அவனுக்குத் தெரியவில்லை.

காயம் ஆறியதும், கொழும்புத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கப்பலேறிவிட்டான்.

நேசையா காசு வாங்கவில்லை. "வீட்டுல கருப்பட்டி காய்ச்சுவியாமே, ரெண்டு வட்டு குடுத்துவிடு, போதும்" என்றிருந்தார். செல்லக்கிளியும் தலையாட்டியிருந்தாள். அவள் வீட்டில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. பாளையங்கோட்டைக்கு வண்டி போகாத வாரமும் இல்லை.

"ரெண்டு வட்டுதான? குடுத்து முடிக்க வேண்டியதுதானட்டி" என்று முத்துமாலை கேட்டார்.

"எதுக்குக் கூலி? எம் மகளை அறுத்ததுக்கா?" என்றவள், அடுப்பில் கொதித்த பாகைக் கிண்டப் போய்விட்டாள்.

இந்த வருஷப் பதனீர்க் காலமும் முடிந்துவிட்டது. நேசையாவுக்கு இன்னும் கருப்பட்டி போய்ச் சேரவில்லை.