டில்லிபாபு ஒட்டாத சீருடை

தண்டையார்பேட்டையில் டில்லிபாபு பேனர் அடித்துத் தராத வீடு குறைவு. காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவன்தான். பிறந்தநாள் என்றால் ஏரியாப் பையன்களுக்குப் போலீஸ் உடுப்போ மிலிட்டரி உடுப்போ வேண்டும். கம்ப்யூட்டரில் எவன் உடம்பிலோ இவர்கள் தலையை ஒட்டித் தருவான். ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயப்படுகிறவனெல்லாம் அவன் கடையில் கமிஷனர் ஆகியிருக்கிறான். கழுத்தில் ஒட்டு தெரியக் கூடாது, அதுதான் தொழில் என்பான்.

அவனுடைய தோஸ்து அறிவு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுப் பையன், நல்ல கோல்கீப்பர். கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி, பனி கொட்டும் நாடு ஒன்றுக்குப் பிளேன் ஏறினான். கொஞ்ச நாளில் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். மிலிட்டரி உடுப்பு, தோளில் துப்பாக்கி. கூட ஒரு வார்த்தை இல்லை. டில்லிபாபு விழுந்து விழுந்து சிரித்தான். நம்ம வித்தையை நம்மிடமே காட்டுகிறான் பார் என்று நினைத்து, எடிட்டிங் சூப்பர் மாமு என்று பதில் போட்டான். அதற்கு மறுபதில் வரவில்லை. அந்தப் படத்தையே பெரிதாக்கி, அறிவின் பிறந்தநாளுக்கு அவன் வீட்டு பிளாக் வாசலில் கட்டினான். அறிவின் அம்மா ரமாபாய் அதன் கீழே நின்றுதான் கேக் வெட்டினாள்.

போன வாரம் அறிவு வீட்டுக்குத் தூதரகத்திலிருந்து போன் வந்தது. அறிவுக்குச் சீருடை மாட்டிப் போர்முனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே குண்டு விழுந்து செத்துப்போயிருக்கிறான். எவன் சண்டைக்கோ இவன் எதற்குச் சாக வேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை.

நேற்று ரமாபாய் கடைக்கு வந்தாள். கண்ணீர் அஞ்சலி பேனர் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று டில்லிபாபு எழுந்து நின்றான். அவள் அதற்கு வரவில்லை. செத்தது வேறு யாரோ ஒரு பையன், தன் பிள்ளை ஏதோ ஒரு அடுப்படியில் கரண்டியோடு நிற்கிறான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"அந்த மில்ட்ரி டிரெஸ்ஸு நீ ஒட்னதுதான நைனா? ஆமான்னு சொல்லு."

ஆமா என்று சொல்லிவிடலாம்தான். டில்லிபாபு படத்தைத் திறந்து கழுத்தருகே பெரிதாக்கினான். ஒட்டு இருந்துவிட வேண்டுமே என்று அவனும்தான் தேடினான். முரட்டுக் காலர் உரசி உரசித் தோல் சிவந்து கிடந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கவனிக்காத பயம், அறிவின் கண்ணில் அப்படியே இருந்தது.

"நான் ஒட்டலம்மா. அவன் மேலயே கீது."

ரமாபாய் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அத்தக் கயட்டு. அவன் பச்ச ஜெர்சிய மாட்டி பேனர் அடி. எம்புள்ள அவனுங்க துணில போவக்கூடாது."

ஜெர்சியோடு டீம் பையன்கள் சேர்ந்து எடுத்த படம் இருந்தது. ஆனால் அதில் அறிவின் முகம் கலங்கல். தெளிவான முகம் இந்தப் படத்தில் மட்டும்தான். டில்லிபாபு மவுஸைப் பிடித்தான். எத்தனையோ பேருக்குச் செய்த வேலை. முதலில் கழுத்தை வெட்ட வேண்டும். கை நகரவில்லை. அறிவைப் பெற்றவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.