நாலாவது நெற்றி

உத்திர வீதியில் ஒரு நாள் காலை, பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒருவன் ஒரு மாமியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான். மாமி பார்த்தது அவன் முதுகை மட்டும். முகத்தைப் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். ஒரு வாரத்துக்கு ஸ்ரீரங்கத்தில் எனக்கு நல்ல மவுசு. வீட்டுக்கு வீடு காபி கொடுத்துக் கதை கேட்டார்கள். நானும் குறை வைக்கவில்லை.

“நேத்து சொன்னப்போ கத்தி இல்லையேண்ணா” என்றாள் மனைவி. அவளுக்கு எப்போதும் இப்படிச் சில்லறைச் சந்தேகங்கள்.

கத்தி போனால் போகட்டும், அவன் நெற்றியில் இருந்த திருமண் சத்தியம். எதிரே யார் வந்தாலும் எங்களுக்குக் கண் முதலில் நெற்றிக்குத்தான் போகும். மூக்கின் மேல் திருமண்ணின் பாதம் இறங்கியிருந்தால் தென்கலை, இல்லாவிட்டால் வடகலை. அது தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். இவனுக்குப் பாதம் இருந்தது, கொஞ்சம் இடப்பக்கம் கோணலாக. வேஷத்துக்கு இட்டிருப்பான் என்றார் இன்ஸ்பெக்டர்.

பிறகு சிறையில் அடையாள அணிவகுப்பு வைத்தார்கள். பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். பத்து நெற்றியும் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது.

“அவசரமில்லை, நல்லா பாத்து சொல்லுங்க” என்றார் மாஜிஸ்திரேட்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை காபியையும் குடித்துவிட்டு அப்புறம் எப்படி வீதியில் தலை காட்டுவது? மனதுக்குள் ஒவ்வொரு நெற்றியிலும் திருமண் இட்டுப் பார்த்தேன். நாலாவது ஆளுக்குத்தான் அம்சமாகப் பொருந்தியது. அவன் தோளைத் தொட்டேன். போலீஸ் பிடித்து வைத்திருந்ததும் அவனைத்தான். என் கண் கில்லாடிதான் என்று நானே நம்பிவிட்டேன்.

அவன் உறையூரில் லோடு ஆட்டோ ஓட்டுபவன். சங்கிலி கிடைக்கவில்லை, வேறு சாட்சியும் இல்லை. வழக்கே என் விரலில்தான் நின்றது. ஜாமீன் கிடைக்காமல் தீபாவளியும் பொங்கலும் அவனுக்கு உள்ளேயே கழிந்தன.

கோர்ட்டில் கூண்டில் நின்றவனைத் தயங்காமல் கைகாட்டினேன். அவன் தரப்பு வக்கீல் ஒரு சின்னப் பெண்.

“சார், இப்ப ஜட்ஜையே பாத்துக்கிட்டு சொல்லுங்க. நீங்க கைகாட்டினவருக்கு மீசை இருக்கா?”

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பார்த்த முகம், ஞாபகத்துக்கு வரவே இல்லை. நெற்றியில் திருநீறு, மூன்று கோடு, நடுக்கோடு அழிந்திருந்தது. அது மட்டும் அச்சாக நின்றது.

“தெரியலைம்மா” என்றேன். திருமண் இட்டுப் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவனை விடுதலை செய்துவிட்டார்கள்.

போன மாதம் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். சீட்டில் இருந்தவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

“என்னைத் தெரியுதுங்களா சார்?”

பார்த்தேன். வெறும் நெற்றி.

“தெரியலையேப்பா. நம்ம வீதியா?”

“நாலாவது ஆளுங்க. ஜெயில்ல.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

“இப்ப பக்கத்துல உக்காந்தும் தெரியலைங்கிறீங்க. அன்னைக்கு மட்டும் எப்படிங்க அவ்வளவு உறுதியா தெரிஞ்சது?”